கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?

கொஞ்சம் நீளமான திரெட் இது. மதுரையின் தெருக்களைப் பற்றியது. ஆனா ஆரம்பிக்கிறது ஒரு எமர்ஜென்சி வார்டில்.

பக்கவாதத்தோடு யாரைத் தூக்கிட்டு வந்தாலும் நாங்க முதலில் கேட்கிற கேள்விகளில் ஒண்ணு இது: "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?"

காரணம் இருக்கு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். அந்தக் கடிகாரம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து ஓட ஆரம்பிக்காது. நோயாளி நல்லபடியா இருந்ததை யாரோ ஒருத்தர் கடைசியாகப் பார்த்த நிமிஷத்தில் இருந்து ஓடும். நேரமே தெரியாமல் வருபவர்களுக்கு எம்ஆர்ஐ பார்த்து முடிவெடுக்கும் வழி பெரிய சென்டர்களில் உண்டு. மற்ற இடங்களில், பார்த்தவர் யாரும் இல்லை என்றால் அந்த ஊசி கிடைப்பது கஷ்டம்தான்.

சில மாசங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. எழுபது வயசு இருக்கும். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது லேஅவுட்டில் சொந்த வீடு. பையன் வெளிநாட்டில். உயரமான காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், சிசிடிவி எல்லாம் உண்டு. முந்தின நாள் போட்ட பால் பாக்கெட் அப்படியே கிடக்குதேன்னு பால்காரர்தான் சத்தம் போட்டு ஆள் கூட்டியிருக்கார். வலது கை, கால் விழுந்து, பேச்சும் போயிருந்தது.

கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க? பால்காரருக்குத் தெரியல. பையனுக்கு ஃபோன் போட்டோம், பேசி ரெண்டு நாள் ஆச்சுன்னார். சிசிடிவி கேட்டை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தது. எதிர்வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். "அவங்க பேரே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் சார்" என்றார். எதிரெதிர் வீட்டில் ஆறு வருஷம்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அன்னைக்கு ராத்திரி முழுக்க வார்டு வாசலில் நின்றார், மாத்திரை வாங்கி வந்தார். அவரும் அந்த அம்மாவும் ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி ஒரு இடம் அந்தத் தெருவில் இல்லை. தண்ணி கேனில் வருது, கார் நேரா கேட்டுக்குள்ளே போகுது, குப்பை வண்டி வந்து விசில் அடிச்சா வாளியை வெச்சுட்டு உள்ளே போயிடலாம்.

"இந்தக் காலத்து ஜனங்களுக்கு மனசு சுருங்கிப்போச்சு" என்று நம்மில் பலர் சொல்றோம். நான் அதை ஒத்துக்க மாட்டேன். மனசு சுருங்கல. சந்திக்கிற இடம்தான் சுருங்கியிருக்கு. அதை யாரோ ஒருத்தர் ஸ்கேல் வெச்சு வரைஞ்சிருக்காங்க.

அக்கம்பக்கத்தோடு பழகுறது பொழுதுபோக்கு விஷயம்னு நினைக்காதீங்க. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் அதிகமான ஆட்களின் விவரங்களை, ஒண்ணாகச் சேர்த்துப் பார்த்தாங்க. மனிதத் தொடர்பு வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. புகைப்பழக்கத்தை நிறுத்துவதோடு ஒப்பிடக்கூடிய அளவு. நாங்க பிரஷருக்கு மாத்திரை எழுதறோம். தெருவுக்கு எழுத முடியாது.

சரி, மதுரைக்கு வருவோம்.

நம்ம ஊர் வரைபடத்தை ஒரு தடவை கூகுள் மேப்பில் மேலே இருந்து பாருங்க. நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்புக்கு உருவம் கிடைத்தது என்பார்கள். சாமி ஊர்வலம் சுற்றி வருவதற்காக அமைந்த தெருக்கள் இவை. தேர் போகணும், கூட்டம் நிக்கணும், வீட்டில் இருப்பவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கணும். அதாவது, தெரு என்பது போகும் வழி மட்டும் இல்லை, நிக்கிற இடமும்கூட என்று வைத்து அமைத்த ஊர்.

இதில் வெளி வீதிக்கு மட்டும் வேற கதை. அந்த இடத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன், ஊர் நெரிசலில் மூச்சு முட்டுதுன்னு கோட்டையை இடிக்க முடிவு செய்தார். சுவரை இடிச்சு அகழியை மூடினார்கள், மீட்ட நிலத்தில் தெருக்கள் வந்தன. அளவெடுத்த சர்வேயர் மாரட் பெயரில் ஒரு தெரு, வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு தெரு, ரெண்டும் இன்னைக்கும் இருக்கு. துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போறீங்களே, அந்தத் தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான். மேஸ்திரி பெயரில் தெரு வைத்த ஊர் வேற எங்கே இருக்குன்னு எனக்கு ஞாபகத்துக்கு வரல.

அந்தப் பெரிய வீதிகளுக்கு நடுவில்தான் உண்மையான மதுரை. எழுத்தாணிக்காரத் தெரு, தென்னோலைக்காரத் தெரு, வளையல்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு. சந்துக்குள்ளே போனா காம்பவுண்டு வீடுகள், சிலர் வளவுன்னு சொல்வாங்க. ஒரு பொதுக்கதவு. உள்ளே நீளமா முற்றம். ரெண்டு பக்கமும் ஒத்தை அறை, ரெட்டை அறை வீடுகள் எட்டோ பத்தோ. நடுவில் கிணறு அல்லது அடிகுழாய். கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ரெண்டு கக்கூஸ். காலையில் குழாயடிக்கு வராதவர் யார் என்று அந்த முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும்.

டாக்டரா இருந்துட்டு இதை ரொமான்டிசைஸ் பண்ணக் கூடாது. காற்றோட்டம் இல்லாத அந்த அறைகளில் ஒருத்தருக்கு டிபி வந்தா வீட்டில் இருக்கும் எல்லாரையும் டெஸ்ட்டுக்குக் கூப்பிடணும். ஒரு வயித்துப்போக்கு வந்தா அந்த ரெண்டு கக்கூஸ் போதும், காம்பவுண்டு முழுக்கப் பரவ. பெண்களைக் கேட்டுப் பாருங்க, இன்னொண்ணும் சொல்வாங்க: யார் எப்போ வந்தா, யாரோட பேசினா, எல்லாத்துக்கும் பத்துக் கண் பார்த்துக்கிட்டே இருக்கும். நோயைக் கவனிக்கிற அதே கண்தான் கதவையும் கவனிக்கும்.

இந்தச் சந்துகளை என்ன செய்யலாம் என்ற கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. பாட்ரிக் கெடிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், படிப்பு உயிரியல், வேலை தாவரவியல் பேராசிரியர், பிறகு நகர் அமைப்பு நிபுணர் ஆனவர். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மன்காரர்கள் மூழ்கடித்துவிட்டார்கள். மூழ்கடித்தது எது தெரியுமா? சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். வேறு படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்கள். மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கைகளில் மதுரையும் தஞ்சாவூரும் உண்டு.

அந்தக் காலத்து இன்ஜினியர்களின் வைத்தியம் ஒண்ணே ஒண்ணு: சந்துகளை இடிச்சு நேர்கோட்டில் அகல ரோடு போடு, சுகாதாரம் வந்துடும். கெடிஸ் கேட்டார், இடிச்ச வீட்டில் இருந்தவங்க எங்கே போவாங்க? பக்கத்துச் சந்துக்குத்தான். அங்கே நெரிசல் இன்னும் கூடும், நோயும் கூடும். அவர் சொன்ன வழி வேற. பாழடைஞ்ச ஒண்ணு ரெண்டு வீட்டை மட்டும் எடு, அந்தக் காலி இடத்தில் மரம் வை, கிணத்தைச் சுத்தம் பண்ணு, ஆளுங்க உட்கார ஒரு மேடை கட்டு, மிச்ச வீடுகளை விட்டுடு. அதுக்கு அவர் வைத்த பெயர் 'கன்சர்வேட்டிவ் சர்ஜரி'. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அழுகின சதையை மட்டும் எடுத்துட்டு காலைக் காப்பாத்துறதா, முட்டிக்குக் கீழே வெட்டுறதா என்பதுதான் கேள்வி.

இதுவரை படிச்சவங்க சிலர், "ஆகா, அந்தக் காலத்து அக்கம்பக்கம் அக்கம்பக்கம்தான்" என்று கமெண்ட் போட ரெடியா இருப்பீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. யாருக்கு யார் பக்கம்?

அந்த அழகான சதுரங்களில் கோயிலுக்கு அருகில் யார், தள்ளி யார் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. ஒரு தெருவே ஒரு சாதி. தலித் மக்கள் அந்தக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தது 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்டவர்களோடு. அதுவரைக்கும், ஊரே எதைச் சுற்றிக் கட்டப்பட்டதோ அந்த இடத்துக்குள் அவர்கள் வர முடியாது. ஊரைச் சுற்றியிருக்கும் கிராமங்களிலும் இதே வரைபடம்தான். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஓடையோ வயலோ.

அந்த ஓடை போதாதுன்னு சுவரே கட்டிய இடமும் நம்ம மாவட்டத்தில்தான் இருக்கு. எழுமலை பக்கம் உத்தப்புரம். 1989இல் நடந்த சாதிக் கலவரத்துக்குப் பிறகு, தலித் குடியிருப்பைப் பிரித்து சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர் எழும்பியது. அந்தப் பக்கத்துக்காரர்கள் மெயின் ரோட்டுக்கு வர சுத்திக்கிட்டு வரணும். கிட்டத்தட்ட இருபது வருஷம் அது நின்றது. சுவர்மேல் மின்சாரம் பாய்ச்சிய கம்பி இருப்பதாகச் செய்தி வந்து, இடதுசாரி இயக்கங்களும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராடி, 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை விட்டது. பாதை திறந்ததை எதிர்த்து மறுபக்கத்துக் குடும்பங்கள் பல ஊரைவிட்டே வெளியேறிப் போய் உட்கார்ந்தன.

அதையும் ஒரு 'குடியிருப்பு வடிவமைப்பு' என்றுதான் சொல்லணும். உள்ளே இருந்தவர்களுக்கு நல்ல ஒற்றுமை. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா எல்லாரும் ஓடி வருவாங்க. சுவர் கட்டக்கூட எல்லாரும் சேர்ந்துதான் வந்தாங்க.

இப்போ 1997க்குப் போவோம். தென் மாவட்டங்கள் பற்றி எரிந்த வருஷம். போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததில் கலவரம் வெடித்து, கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்தது. ஜூன் 30 அன்று மேலூர் பக்கம் மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஒருவர், முருகேசன், கூட இருந்தவர்களோடு பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். தனித்தொகுதியில் ஜெயித்ததுதான் குற்றம்.

அந்தச் சூழலில் பிறந்ததுதான் பெரியார் நினைவு சமத்துவபுரம். முதல் சமத்துவபுரம் எங்கேன்னு கேட்டா பலருக்குத் தெரியாது. திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டை. 1998 ஆகஸ்ட் 17 அன்று அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். மதுரையில் இருந்து விருதுநகர் போறவங்க அந்த ஊரைத் தாண்டித்தான் போறீங்க.

(நான் அரசு ஊழியன். கட்சி பேச வரல. யார் பெயரில் இருந்தாலும் இது தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய நகரமைப்புச் சோதனை. அதை அப்படியே பார்ப்போம்.)

வடிவமைப்பைக் கவனிங்க. ஒரு சமத்துவபுரத்துக்கு 100 வீடு. அதில் 40 தலித் குடும்பங்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சாதிவாரியா தெரு பிரிக்கக் கூடாது, கலந்துதான் ஒதுக்கணும். எல்லா வீடும் ஒரே மாதிரி. அதனால் வீட்டைப் பார்த்து ஆளை எடை போட முடியாது. தண்ணித் தொட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை, விளையாட்டுத் திடல், சமுதாயக்கூடம் எல்லாம் பொது. எந்த மதத்தின் வழிபாட்டு இடமும் உள்ளே கிடையாது. கடைசியாக ஒண்ணு, எனக்கு இதுதான் பெருசா படுது: பொதுவான ஒரே சுடுகாடு.

சுடுகாட்டில் என்ன இருக்குன்னு நினைக்கிறவங்க அரசு ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில் ஒரு நாள் நின்னு பாருங்க. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு உடலை ஒப்படைத்த பிறகும் சொந்தக்காரர்கள் கிளம்பாம நிப்பாங்க. விசாரிச்சா, எந்தப் பாதை வழியா தூக்கிட்டுப் போறதுன்னு ஊரில் பேச்சுவார்த்தை நடக்குது என்பாங்க. தாசில்தார் வரணும், போலீஸ் வரணும். நம்ம கிராமங்களில் சாதிக்கு ஒரு சுடுகாடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாதை, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வழக்கு. இதெல்லாம் தெரிஞ்ச ஆள்தான் 100 வீட்டுக்கு ஒரே சுடுகாடுன்னு எழுதியிருக்கணும்.

2001க்குள் 145 சமத்துவபுரங்கள் எழுந்தன. 2008இல் இருந்து 2011க்குள் இன்னும் 95.

ஜெயிச்சதா? இதுக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஆட்சி மாறினபோதெல்லாம் பராமரிப்பு நின்றது. ஓடு ஒழுகி, தொட்டி பழுதாகி, சில வீடுகள் பூட்டியே கிடந்தன. 2021க்குப் பிறகுதான் பெரிய அளவில் பழுது பார்க்கும் வேலை நடந்தது. அதைவிட அடிப்படையான குறை ஒண்ணு இருக்குன்னு நினைக்கிறேன். சமத்துவபுரம் என்பது கிராமத்துக்கு வெளியே, கிடைத்த நிலத்தில் கட்டிய புது ஊர். பழைய ஊரும் பழைய சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. நூறு குடும்பம் கலந்து வாழ்ந்தது. மிச்ச ஆயிரம் குடும்பம் அப்படியே. வயல் பழைய ஊரில், குலசாமி பழைய ஊரில், சொந்தபந்தம் பழைய ஊரில். கல்யாணம், காதுகுத்து என்றால் எல்லாரும் பஸ் ஏறி அவரவர் சாதிக்குத் திரும்பிப் போயிடுவாங்க.

இதே மாதிரி ஒண்ணை இன்னும் கடுமையாகச் செய்த நாடு சிங்கப்பூர். அங்கே முக்கால்வாசிக்கும் மேல் மக்கள் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்காங்க. சீனர், மலாய்க்காரர், நம்ம தமிழர்கள் அவங்கவங்க கூட்டம் கூட்டமா ஒரே வட்டாரத்தில் சேர ஆரம்பித்ததும், 1989இல் ஒரு சட்டம் போட்டாங்க. ஒவ்வொரு வட்டாரத்துக்கும், ஒவ்வொரு பிளாக்குக்கும் இன வாரியா உச்சவரம்பு. ஒரு இனத்தின் வரம்பு நிரம்பிட்டா, வேற இனத்தைச் சேர்ந்தவர் தன் வீட்டை விற்கும்போதுகூட அந்த இனத்தைச் சேர்ந்த புது ஆளுக்கு விற்க முடியாது. இதனால் சிறுபான்மையினருக்கு வீட்டை விற்க ஆள் கிடைக்காம, விலை குறையுதுன்னு புகாரும் இருக்கு. சும்மா வரல அந்த ஒற்றுமை. ஆனா அவங்க செய்த ஒண்ணு நம்ம திண்ணை மாதிரி. பிளாக்கின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் காலியா விட்டாங்க. லிஃப்டுக்குப் போகும் யாரும் அதைத் தாண்டித்தான் போகணும். மலாய்க்காரர் கல்யாணமும் அங்கேதான், சீனர் சாவு வீடும் அங்கேதான்.

நம்ம பக்கம் திரும்புவோம். புது லேஅவுட் போட்டா, அளவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கணும் என்பது நம்ம மாநில விதி. அந்த இடம் எங்கே இருக்குன்னு பாருங்க. பல லேஅவுட்டில் விலைபோகாத மூலையில், வாய்க்கால் ஓரத்தில், கருவேலம் முளைச்சுக் கிடக்கும். பிளாட் வாங்கப் போறவங்க வாஸ்து கேட்கிறீங்க, போர் எத்தனை அடின்னு கேட்கிறீங்க. அந்தப் பத்து சதவீதம் எங்கே, அங்கே நடந்து போற வழியில் யார் யார் வாசல் வரும்னு கேட்டுப் பாருங்க. புரோக்கர் முழிப்பார்.

கடைசியா ஒரு நோயாளி. போன வருஷம், ஒரு சமத்துவபுரத்தில் இருந்து வந்த பெரியவர். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். வாய் கோணி, இடது கை விழுந்திருந்தது. கூட வந்தது ஒரு அக்கா, நைட்டி மேல துண்டைப் போட்டபடியே 108இல் ஏறி வந்திருந்தாங்க.

"கடைசியா எப்போ நல்லா இருந்தார்?"

"ஏழேகாலுக்கு சார். ஏழு மணிக்குத்தான் தண்ணி விடுவான். ரெண்டு குடம் பிடிச்சுட்டு என்கிட்ட பேசிட்டுத்தான் போனார். மூணாவது குடம் வெச்சது வெச்சபடி இருக்கேன்னு போய்ப் பார்த்தேன்."

வாட்சைப் பார்த்தேன். எட்டு முப்பத்தஞ்சு. சிடி எடுத்து, ரத்தக்கசிவு இல்லைன்னு உறுதி செய்து, ஊசி போட்டோம். மூணாம் நாள் கையைத் தூக்கினார்.

அட்மிஷன் ஃபாரத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த அக்கா பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எதிர் வீடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. நர்ஸ் அதைத் திருத்தச் சொல்லல, நானும் சொல்லல.

பி.கு: முகம் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை தூக்க முடியாம விழுந்தா, பேச்சு குழறினா, அது சரியாகுதான்னு காத்திருக்காதீங்க. தண்ணி, காப்பி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீங்க. உடனே 108. அவரை நீங்க கடைசியா நல்லா பார்த்த நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. உங்க எதிர்வீட்டுக்காரர் ஃபோன் நம்பர் உங்ககிட்ட இருக்கா? கமெண்டில் நம்பர் போட வேண்டாம், இருக்கு இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.